நௌக்ரி, லிங்க்ட்இன், இண்டீட், தமிழ்நாடு அரசின் தளம்: நான்கிலும் வேலை தேடிப் பார்த்ததில்

வேலை தேடும் தளங்களை ஒப்பிடுகிறவர்கள் எதில் அதிக வேலை இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, அந்தத் தளத்துக்குக் காசு கட்டுவது யார் என்பதை. நௌக்ரி, லிங்க்ட்இன், இண்டீட் எல்லாவற்றிலும் வேலை தேடுகிற நாம் இலவசமாகத்தான் உள்ளே போகிறோம், ஆள் எடுக்கிற கம்பெனிகள்தான் பணம் கட்டுகின்றன. ஆகவே தளம் முழுக்க அவர்கள் வசதிக்காகக் கட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் திரையில் நாம் எப்படித் தெரிகிறோம் என்பது தெரியாமல் ராத்திரி பகலாக ‘அப்ளை’ பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் விரல்தான் தேயும்.

நான் அந்தப் பக்கத்துத் திரையையும் பார்த்தவன். கோயம்புத்தூரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை, ஆள் எடுப்பது அதில் பாதி. கம்பெனி கைமாறி எங்கள் பிரிவையே வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோனபோது குடும்பத்தை விட்டுப் போக மனமில்லாமல் நானே வேலை தேட வேண்டி வந்தது. அதே சமயத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த அக்கா பையனும் வீட்டில் உட்கார்ந்திருந்தான். “மாமா, நூத்துக்கணக்குல அப்ளை பண்ணிட்டேன், ஒருத்தன்கூட கூப்பிடல” என்பான். அனுபவம் உள்ள நடுவயதுக்காரன் ஒருவன், ஒன்றுமே இல்லாத ஃப்ரெஷர் ஒருவன், இரண்டு பேருக்கும் எந்தத் தளம் எவ்வளவு உதவியது என்பதுதான் இந்த விமர்சனம். ஐ.டி. துறையில் தேடுகிறவர்களுக்கு சில இடங்களில் கணக்கு மாறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நௌக்ரியிலிருந்து ஆரம்பிப்போம். 1997-இல், இந்தியாவில் இன்டர்நெட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாத காலத்தில் சஞ்சீவ் பிக்சந்தானி தொடங்கியது. நொய்டாவில் இருக்கும் இன்ஃபோ எட்ஜ் கம்பெனியுடையது, அந்தக் கம்பெனி 2006-இலேயே பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. நௌக்ரி என்றால் வேலை விளம்பரப் பலகை என்றுதான் நாம் நினைக்கிறோம். எச்.ஆர். ஆட்களுக்கு நௌக்ரி என்றால் ‘ரெஸ்டெக்ஸ்’. அதாவது எல்லோருடைய ரெஸ்யூமும் குவிந்து கிடக்கும் கிடங்கு. அதில் தேடிப் பார்ப்பதற்குக் கம்பெனி சந்தா கட்டுகிறது. அவசரமாக ஆள் தேவைப்பட்டால் விளம்பரம் போட்டுக் காத்திருக்க மாட்டோம், நேராகக் கிடங்குக்குள் போய்த் தேடுவோம்.

அங்கே எப்படித் தேடுவோம் என்றால், ஒரு பெட்டியில் திறமைச் சொற்களை அடிப்போம். அப்புறம் எத்தனை வருட அனுபவம், எந்த ஊர், எவ்வளவு சம்பளம், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய கம்பெனியில் இருந்தாக வேண்டிய காலம்) எவ்வளவு, கடைசியாக எப்போது தளத்துக்குள் வந்தார் என்று ஒவ்வொன்றாக வடிகட்டுவோம். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் சில வரிகள்தான் தெரியும்: இப்போதைய பதவி, கம்பெனி, ஊர், சம்பளம், சில திறமைச் சொற்கள். அதைப் பார்த்து மனதுக்குப் பட்டால் மட்டும் திறப்போம். நீங்கள் ராத்திரி கண்விழித்து அழகு செய்த ரெஸ்யூம் இருக்கிறதே, அதைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்தச் சில வரிகள்தான்.

அதனால் நௌக்ரியில் உண்மையான வேலை, தேடுவது கிடையாது, தேடினால் அகப்படுகிற மாதிரி இருப்பது. தலைப்பு வரியில் ‘கடின உழைப்பாளி, துடிப்பானவர், சவாலான பணியை எதிர்நோக்குகிறேன்’ என்று போட்டிருப்பவர்கள் ஏராளம். நான் ஒருநாளும் தேடல் பெட்டியில் ‘துடிப்பானவர்’ என்று அடித்ததில்லை. ‘சி.என்.சி. டர்னிங், ஃபானுக் கண்ட்ரோல், ப்ரோகிராமிங் தெரியும், 4 வருட அனுபவம்’ என்று அடிப்பேன். அப்படியே உங்கள் தலைப்பு வரி இருந்தால் மேலே வருவீர்கள். எனக்காக நான் மாற்றியதும் இதைத்தான். ‘எச்.ஆர். நிபுணர்’ என்ற ஜம்பத்தை எடுத்துவிட்டு, பே ரோல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஃபேக்டரி சட்டம், காண்ட்ராக்ட் லேபர் என்று நான் தினமும் கையில் தொட்ட வேலைகளின் பெயரைப் போட்டேன். அழைப்புகளின் தரம் மாறியது. முன்பு டெலிகாலர் வேலைக்கெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதவியின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. சில கம்பெனிகளில் ‘அசோசியேட் லெவல் 2’ என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள். வெளியே யாருக்கும் அது என்ன வேலை என்று தெரியாது, அந்தப் பெயரைத் தேடவும் மாட்டார்கள். பதவிப் பெயரை மாற்றிப் பொய் சொல்ல வேண்டாம், பின்னால் சரிபார்ப்பில் மாட்டும். ஆனால் தலைப்பு வரியிலும் திறமைப் பட்டியலிலும் ஊருக்குத் தெரிந்த பெயரைப் போடலாம். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்றும் போடுங்கள், க்யூ.சி. என்றும் போடுங்கள், ஏனென்றால் எந்த எச்.ஆர். எதை அடிப்பார் என்று சொல்ல முடியாது.

நோட்டீஸ் பீரியட் கட்டம் இன்னொரு கண்ணி. மூன்று மாதம் என்று இருந்தால் அவசரத் தேடலில் நீங்கள் கண்ணிலேயே பட மாட்டீர்கள். உங்கள் கம்பெனியில் விதி மூன்று மாதம்தான் என்றாலும், விடுப்பை ஈடுகட்டியோ பணம் கட்டியோ சீக்கிரம் வெளியே வர வழி இருக்கிறதா என்று வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரை எடுத்துப் படித்துவிட்டு அதற்கேற்ப நிரப்புங்கள். ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டவர்கள் அதற்கென்று இருக்கும் தேர்வைப் போட்டுக் கடைசி நாளையும் குறிப்பிட்டால் மவுசு அதிகம். அப்புறம், கடைசியாக எப்போது உள்ளே வந்தீர்கள் என்பதைப் பார்த்து வடிகட்டுவார்கள் என்று சொன்னேனே, அதற்காகத்தான் அனுபவசாலிகள் வாரத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் எதையாவது திருத்திவிட்டு வருகிறார்கள். ஒரு வரியைச் சரிசெய்தால் போதும். தினமும் காலையில் செய்தே ஆக வேண்டும் என்று யூடியூபில் சொல்கிறார்கள், அவ்வளவு வெறி வேண்டாம்.

ரெஸ்யூமைக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை எல்லா மென்பொருளும் படித்துவிடாது. வேர்டில் அடித்து அப்படியே பி.டி.எஃப். ஆக்கியதுதான் சரி. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிப்பது, வட்டம், நட்சத்திரம், திறமைக்கு எதிரே எண்பது சதவீதம் என்று பச்சைக் கோடு, இதெல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், கம்பெனிகளின் மென்பொருள் படிக்கும்போது கலைந்துபோகும். ஆட்டோகேட் எண்பது சதவீதம் தெரியும் என்றால் தெரியாத இருபது எது என்று நான் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததில்லை.

இருக்கிற கம்பெனிக்குத் தெரியாமல் தேடுகிறவர்களுக்கு, குறிப்பிட்ட கம்பெனிகள் தங்கள் ப்ரொஃபைலைப் பார்க்காமல் தடுக்கும் வசதி நௌக்ரியின் செட்டிங்கில் இருக்கிறது, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். உங்கள் எச்.ஆர்.-உம் அதே கிடங்கில்தான் தேடிக்கொண்டிருப்பார்.

காசு கட்டும் சேவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரெஸ்யூம் எழுதித் தருகிறோம், உங்களை முன்னால் காட்டுகிறோம் என்று வேலை தேடுகிறவர்களிடம் விற்கும் பொட்டலங்கள் பல தளங்களில் உண்டு. ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவரை, காசு கொடுத்து எழுதி வாங்கிய ரெஸ்யூம் என்பதற்காக நான் யாரையும் கூப்பிட்டதில்லை. நன்றாக எழுதித் தருகிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் நேர்முகத்தில் அந்த ஆங்கிலம் உங்கள் வாயில் வர வேண்டுமே. வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மொத்தத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு, குறிப்பாகத் தயாரிப்புத் துறை, அக்கவுண்ட்ஸ், சேல்ஸ், ஐ.டி. ஆட்களுக்கு, நௌக்ரிதான் முதல் இடம். ஃப்ரெஷருக்கு சுமார்தான். காரணம் எளிது, கிடங்கில் எல்லா ஃப்ரெஷரும் ஒரே மாதிரி இருப்பார்கள். என் அக்கா பையனின் நூற்றுக்கணக்கான அப்ளிகேஷன் எங்கே போனது என்பதற்கும் இதுதான் விடை.

லிங்க்ட்இன் வேறு ஜாதி. 2003-இல் வெளிவந்து, 2016-இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கே வேலையைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவதுதான் பலன் தருகிறது என்பது என் முடிவு. வேலைகள் என்ற பகுதியில் போய் ‘ஈஸி அப்ளை’ அமுக்குவது சுலபம், அத்தனை பேருக்கும் சுலபம், அதனால்தான் குவிந்துவிடுகிறது. அந்தக் குவியலில் எச்.ஆர். நிதானமாகப் பார்ப்பது முதலில் வந்தவற்றைத்தான், ஆள் கிடைத்துவிட்டால் மிச்சம் அப்படியே கிடக்கும். ஆகவே கடந்த 24 மணி நேரத்தில் வந்தவை மட்டும் என்று வடிகட்டி, அவற்றுக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டு விண்ணப்பித்தால் போதும். மூன்று வாரத்துக்கு முந்தைய விளம்பரத்துக்கு அப்ளை செய்வது பெரும்பாலும் வீண்.

நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்துவிட்டார்கள் என்று காட்டினால் பயந்துவிட வேண்டாம். கம்பெனியின் சொந்தத் தளத்துக்கு அனுப்பும் விளம்பரங்களில் அந்த எண்ணிக்கை ‘அப்ளை’ பட்டனை அமுக்கியவர்களின் கணக்குதான். அங்கே போய் நீளமான படிவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் அதில் சேர்த்தி. அந்த நீளமான படிவத்தை நிரப்பும் பொறுமை இருந்தாலே கூட்டத்தில் பாதிப் பேரைத் தாண்டிவிடலாம்.

ஆளைத் தேடுவது எப்படி? தேடல் பெட்டியில் ஹையரிங், உங்கள் பதவி, ஊர் மூன்றையும் ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, வேலைகள் பகுதிக்குப் போகாமல் ‘போஸ்ட்’ என்ற பகுதியைத் தேர்ந்தெடுங்கள், தேதி வாரியாக அடுக்குங்கள். விளம்பரம் போடக் காசாகிறது என்று பல சிறு கம்பெனி எச்.ஆர். ஆட்கள் ‘இந்த இடத்துக்கு ஆள் வேண்டும், ரெஸ்யூம் அனுப்புங்கள்’ என்று சும்மா ஒரு பதிவு போட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். வேலைகள் பகுதியில் அது வராது, அதனால் போட்டியும் குறைவு. எனக்கு இப்போது கிடைத்திருக்கும் வேலை அப்படி ஒரு பதிவிலிருந்துதான் வந்தது, பதிவு போட்டவர் கோயம்புத்தூர் கணபதி பகுதியில் இருக்கும் ஒரு ஃபவுண்டரியின் மேலாளர், எச்.ஆர்.கூட இல்லை.

அடுத்தது ரெஃபரல். பெரிய கம்பெனிகள் பலவற்றில், ஊழியர் பரிந்துரைத்த ஆள் வேலைக்குச் சேர்ந்தால் அந்த ஊழியருக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் மெசேஜ் அனுப்புவது அவருக்கும் லாபமாக முடியலாம் என்பதால் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பது இருக்கிறது. ‘ஹாய் சார், எனிதிங் ஃபார் மீ?’ என்று வரும் மெசேஜுக்கு யாரும் பதில் போட மாட்டார்கள், என்ன பதில் போடுவது? எந்த வேலை, அதன் விளம்பர எண், அதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று மூன்று வரி, ரெஸ்யூம் இணைப்பு, அவ்வளவுதான். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, அதோடு விட்டுவிட வேண்டும். கல்லூரி சீனியர்கள்தான் இதில் முதல் குறி. கல்லூரியின் பக்கத்துக்குப் போய் முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறந்தால் யார் எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று வடிகட்டியே பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே லிங்க்ட்இன்னுக்கு ஒரு கும்பிடு போடலாம், பாலிடெக்னிக் பையன்கள் பல பேருக்கு இது இருப்பதே தெரியாது.

வேலை தேடுகிறேன் என்று தெரிவிக்கும் வசதி இரண்டு விதம். எல்லோருக்கும் தெரியும்படி படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போடுவது ஒன்று, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் ‘உங்கள் கம்பெனியின் ஆட்களுக்குத் தெரியாமல் மறைக்கப் பார்ப்போம், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது’ என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது, அதனால் இப்போதைய மேனேஜர் பொல்லாதவராக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். பச்சை வளையம் போட்டால் மதிப்புக் குறையும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேலை போனவன் வேலை தேடுகிறான், இதில் என்ன மதிப்பு?

குறை என்றால், அந்த ஃபீட், அதாவது மற்றவர்கள் போடும் பதிவுகள் வரிசையாக ஓடும் முகப்பு. வேலை தேட உள்ளே போனால், யாரோ ஒருவர் ஆட்டோ ஓட்டுநரிடம் தலைமைப் பண்பு கற்றுக்கொண்ட கதையை ஒரு வரிக்கு ஒரு பத்தியாக எழுதியிருப்பார், படித்துக்கொண்டே உட்கார்ந்தால் அரைமணி நேரம் போய்விடும், வெளியே வரும்போது நம்மைத் தவிர எல்லோரும் முன்னேறிவிட்ட மாதிரி ஒரு சோர்வும் வரும். நேராகத் தேடல் பெட்டிக்குப் போய்விட்டு வேலை முடிந்ததும் வந்துவிடுங்கள். பிரீமியத்துக்கு மாதாமாதம் காசு கட்டும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

இண்டீட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2004-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, 2012-இலிருந்து ஜப்பானின் ரெக்ரூட் கம்பெனியிடம் இருக்கிறது. கணக்கு எழுத ஆள், கடைக்கு பில்லிங் ஆள், டிரைவர், பள்ளிக்கூட ஆசிரியர் என்று நௌக்ரிக்கு வராத வேலைகள் இங்கே வரும். வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்று தேடலாம், சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ போய்வர நினைக்கும் பெண்களுக்கு இது உண்மையிலேயே உபயோகம். அதே வேலையை, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வெவ்வேறு கன்சல்டன்சிகள் வெவ்வேறு பெயரில் போட்டிருப்பதும் நடக்கும், விளம்பரத்தின் வாசகத்தைப் படித்தால் ஒரே அச்சு என்று தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அசல் கம்பெனி எதுவென்று கண்டுபிடித்து அவர்களுடைய தளத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

கன்சல்டன்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. நல்ல கன்சல்டன்சி கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு பக்கத்தையும் தெரிந்து வைத்திருப்பார், சம்பளம் பேசிக் கொடுப்பார், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்றும் சொல்லுவார். அவருக்குக் கூலி கம்பெனி கொடுக்கும். நம்மிடம் பதிவுக் கட்டணம் கேட்டால் அவர் அந்த வகை இல்லை. காந்திபுரத்தில் மாடியில் ஓர் அலுவலகம் வைத்திருந்த ஆள் என் அக்கா பையனிடம் பதிவுக்கு, யூனிஃபார்முக்கு, பயிற்சிக்கு என்று தவணை தவணையாகக் கேட்க ஆரம்பித்தார். முதல் தவணையோடு நிறுத்தியது அவன் கையில் காசு இல்லாததால்தான்.

சரி, எனக்கு ஆச்சரியம் கொடுத்தது எதுவென்றால் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம். 2020-இல் தொடங்கியது, கம்பெனிக்கும் இலவசம், வேலை தேடுகிறவருக்கும் இலவசம். இங்கே நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வேறு, யாரும் காசு கட்டுவதில்லை, அதனால் விளம்பரம் போடக் கணக்குப் பார்க்கும் சின்னப் பட்டறையும் வருகிறது, ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையும் வருகிறது. மாவட்டம், படிப்பு, துறை என்று தேடலாம். பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கான வேலைகள் நிறைய. ஐ.டி.-யில் பத்து வருடம் இருந்தவர் இங்கே வந்து தேடினால் ஏமாற்றம்தான்.

இதை வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அரசு வேலைக்கான சீனியாரிட்டி கணக்காகும் பதிவு தனி, அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இது தனியார் வேலைக்கான தளம், இதில் தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதில் வந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். இதில் வேலை கிடைத்துச் சேர்ந்தால் அலுவலகப் பதிவு ரத்தாகிவிடும் என்றும் ஒரு பயம் ஊரில் இருக்கிறது. தனியார் வேலையில் சேர்ந்தால் பதிவு போகாது என்று அரசின் முகாம் அறிவிப்புகளிலேயே போட்டிருப்பார்கள்.

இந்தத் தளத்தின் உண்மையான பலம் தளத்துக்கு வெளியே இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் சின்ன அளவில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள், அவ்வப்போது சனிக்கிழமைகளில் கல்லூரி வளாகங்களில் பெரிய முகாம். தளத்தில் தேதியையும் வரும் கம்பெனிகளையும் பார்த்துவிட்டு நேரில் போகலாம். கம்பெனி ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ரெஸ்யூமை கையில் கொடுத்தால் அங்கேயே நான்கு கேள்வி கேட்பார்கள். திரையில் ஒரே மாதிரி தெரியும் ஃப்ரெஷர்கள் நேரில் ஒரே மாதிரி இருப்பதில்லை, வெர்னியர் காலிப்பர் கொடுத்து அளக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் யார் யார் என்று தெரிந்துவிடும். அக்கா பையனுக்கு முதன்முதலாக மரியாதையாகப் பதில் கிடைத்தது இப்படி ஒரு முகாமில்தான். ரெஸ்யூம் நகல் ஐந்தாறு, சான்றிதழ் நகல், ஆதார், புகைப்படம் கொண்டு போங்கள், சீக்கிரமே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கம்பெனிக்காரர்கள் களைத்துவிடுவார்கள். நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரியும்.

மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் 2015-இலிருந்து இருக்கிறது, தொழிலாளர் அமைச்சகத்துடையது, அதுவும் இலவசம். தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடுகிறவர்களுக்கு மாநிலத் தளமே எனக்குப் போதுமானதாகப் பட்டது, வெளிமாநிலம் போகத் தயார் என்றால் அதிலும் பதிந்து வையுங்கள்.

ஃப்ரெஷர்கள் யாரும் சொல்லித்தராமல் தவறவிடுவது அப்ரண்டிஸ் தளங்கள், அதாவது கம்பெனியில் இருந்து வேலை பழகுவதற்கான இடங்களைக் காட்டும் தளங்கள். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், சுருக்கமாக நாட்ஸ். தென்மண்டலத்துக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது, உதவித்தொகை உண்டு, கடைசியில் சான்றிதழும் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், நெய்வேலி என்.எல்.சி. போன்றவை இந்தத் தளம் வழியாகத்தான் அப்ரண்டிஸ் ஆட்களைக் கூப்பிடுகின்றன. அப்ரண்டிஸ் முடித்தால் அங்கேயே வேலை உறுதி என்று நினைக்க வேண்டாம், அப்படி யாரும் எழுதித் தருவதில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் ரெஸ்யூமில் ஏறியதும் நௌக்ரியில் நீங்கள் ஃப்ரெஷர் குவியலிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். என் அக்கா பையன் இப்போது அதில்தான் இருக்கிறான்.

இனி, கிடைத்த வேலை உண்மைதானா என்று பார்ப்பது. ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் மோசடி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐ.டி. கம்பெனிக்கு அது பொருந்தும். எங்கள் ஊரில் முறையாகச் சம்பளம் கொடுக்கும் எத்தனையோ பட்டறைகளுக்கு இன்றும் ஜிமெயில்தான், அதை வைத்து ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு. அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டால் பதிவான பெயரும் இயங்குகிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும், லாகின்கூட வேண்டாம். பி.எஃப். அமைப்பின் தளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் இருக்கிறது, கம்பெனி பெயரைப் போட்டால் எந்த மாதம் எத்தனை ஊழியர்களுக்கு பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஐந்நூறு பேர் வேலை செய்கிறோம் என்று நேர்முகத்தில் பெருமையடிப்பவர் நாற்பது பேருக்கு பி.எஃப். கட்டுகிறார் என்றால் மிச்சம் பேர் காண்ட்ராக்ட் என்று புரிந்துகொள்ளலாம். அந்த எண்ணிக்கை மாதாமாதம் சரிந்துகொண்டே வந்தால் அதுவும் ஒரு சேதிதான். ஊழியர்கள் தங்கள் கம்பெனியைப் பற்றி எழுதும் கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் தளங்களின் விமர்சனங்களைப் படிப்பதைவிட இதை நான் நம்புகிறேன். அவற்றைப் படிப்பதாக இருந்தால் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள், சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார்களா என்றெல்லாம் அங்கேதான் இருக்கும்.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முதலில் கொஞ்சம் பணம் கட்டினால் இரட்டிப்பாகத் திரும்பும், இவையெல்லாம் வேலையே இல்லை. முதலில் நூறு இருநூறு கொடுத்து நம்ப வைப்பார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு வேலையில் இன்னும் பெரிய ஆபத்து. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தை நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டதும், 2022-இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டதும் எல்லோரும் செய்தியில் பார்த்ததுதான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்ற ஏஜென்ட்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.-யும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து சென்னையில் இருக்கிறது, நர்ஸ், டிரைவர், டெக்னீஷியன் வேலைகளுக்கு அங்கே முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் ஏஜென்ட்டிடம் போகலாம்.

எல்லாத் தளத்துக்கும் பொதுவாக ஒன்று: வேலை தேடுவதற்கென்று தனி ஈமெயில், முடிந்தால் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். எண் ஒருமுறை வெளியே போய்விட்டால் இன்சூரன்ஸ், கடன், எம்.பி.ஏ. சேர்க்கை என்று அழைப்பு நிற்காது, உண்மையான எச்.ஆர். அழைப்பும் அந்தச் சத்தத்தில் தவறிவிடும். அதேபோல் எந்தக் கம்பெனிக்கு எந்த ரெஸ்யூம் அனுப்பினோம், என்ன சம்பளம் கேட்டோம் என்று ஒரு நோட்டிலோ எக்ஸெலிலோ எழுதி வையுங்கள். போனை எடுத்ததும் ‘எந்தக் கம்பெனி சார்?’ என்று இழுக்கிறவரை நாங்கள் அந்த நொடியே கழித்துவிடுவோம், அநியாயம்தான், ஆனால் நடக்கிறது.

கடைசியாக ஒன்று. வேலை கிடைத்துச் சேர்ந்த அன்றைக்கே நௌக்ரி ப்ரொஃபைலை மறைத்துவிட்டு, பச்சை வளையத்தையும் எடுத்துவிட்டு, ஜாப் அலெர்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நான் சேர்ந்த இடத்தில் முதல் வாரமே ரெஸ்டெக்ஸில் ஒரு தேடல் போடச் சொன்னார்கள், பட்டியலில் அங்கேயே வேலை பார்க்கும் மூன்று பேர் ‘உடனே சேரத் தயார்’ என்று இருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை, எல்லா எச்.ஆர்.-உம் அப்படி இருப்பார்கள் என்று நம்பாதீர்கள்.